பின்சுவர்

பேருந்து நிலையத்தின் பின்சுவரில் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாதென்று வரிசையாக மூன்று சாமி டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பள்ளிவாசல், பிள்ளையார், மாதா. பன்னிரண்டு வருடமாக அந்தச் சுவரடியைக் கூட்டிக் கழுவுகிற தனபாக்கியத்துக்கு அந்த மூவரும்தான் கூட வேலை பார்ப்பவர்கள்.

அன்று காலை பிள்ளையார் சதுர்த்தி விழாக் குழுத் தலைவன் சபாபதி உளியும் சுத்தியலுமாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"பிள்ளையார் மட்டும் இருக்கட்டும். மத்த ரெண்டும் நம்ம சுவத்துல எதுக்கு?"

தனபாக்கியம் கூட்டுவதை நிறுத்தவில்லை. "போன ஐப்பசி மழையில மாதா டைல்ஸ் பேந்து விழுந்துச்சு. திரும்ப ஒட்டுறதுக்கு எட்டு நாளாச்சு. எட்டு நாளும் அந்த எடத்துலதான் வந்து நின்னானுங்க. வழிஞ்சதெல்லாம் பிள்ளையாருக்கு அடியிலதான் தேங்குச்சு. நான்தான் கழுவுனேன்."

"நம்மாளு எவனும் நின்னிருக்க மாட்டான்."

"மூஞ்சி தெரியாது தம்பி. நான் பார்த்ததெல்லாம் முதுகுதான்."

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"கெழவிகிட்ட என்ன பேச்சு!" சபாபதி சுவர்ப்பக்கம் திரும்பி, மாதாவின் ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

தனபாக்கியம் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவன் முதுகைப் பிடரியிலிருந்து குதிகால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"அட," என்றாள், பேருந்துக்கு நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "நீதானா அது?"