ஒரு நாள் கன்று

மணலியில் அங்கம்மாவுக்குச் சோறு போட்டது செவலை என்ற ஒரே மாடுதான், கண்ணுகளா. 2003-இல் அது கிழடாகிச் செத்தபோது, மாதவரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த டாக்டர் ஜெகதீசன் அதன் காதிலிருந்து கொஞ்சம் தோலை எடுத்துக்கொண்டார். வேறொரு மாட்டின் கருமுட்டையில் இருந்த உட்கருவை நீக்கிவிட்டு, செவலையின் தோல் செல்லில் இருந்த உட்கருவை உள்ளே வைத்தார். மூன்றாவது மாடு ஒன்று அதைச் சுமந்து, அடுத்த வருடம் கன்றாக ஈன்றது.

மறுநாளே அங்கம்மா போய்ப் பார்த்தாள். அதே நிறம், அதே நெற்றிச் சுட்டி.

"அச்சு அசலா என் செவலையேதான் நைனா! இன்னும் பத்து வருசம் எனுக்குக் கஞ்சி ஊத்துமா?"

"உடம்புதாம்மா அதே. வயசு புதுசு. ஒரு மாசத்துல ஓட்டிட்டுப் போங்க."

வயசு தெரிந்துகொள்ளப் பல் பார்க்காமல் யாரும் மாடு ஓட்டிப் போவதில்லை. சும்மா கிடைத்தாலும் வழக்கம் வழக்கம்தானே? அங்கம்மா கன்றின் உதட்டை விலக்கினாள். செவலை சாகும்போது இருந்த மாதிரியே, எட்டுப் பல்லும் ஈறு வரை தேய்ந்திருந்தன.

"இன்னா நைனா இது? கெய்வி வாயாட்டம் கீது!"

ஜெகதீசன் குனிந்து பார்த்தார்.

அங்கம்மா பால்புட்டியை நீட்டினாள். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைக்கோலில் மெல்லப் படுத்து, கண்ணை மூடி, அசை போட ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து அது ஒரு வாய்ப் பால்கூடக் குடித்திருக்கவில்லை.