செங்கல் மேல் ஒரு கதவு

துணி திருட்டுப் போகிறது என்று தையல் கம்பெனிக்காரர்கள் போன வருஷம் செங்கல் வைத்து அடைத்த பின்வாசல், இன்று காலை திறந்து கிடக்கிறது. யாரோ வந்து சுவரில் வரைந்துவிட்டுப் போன கதவு அது. பாதி திறந்த நீலக் கதவு, கைபட்டுத் தேய்ந்த பித்தளைப் பிடி, ஆணியில் தொங்கும் பூட்டு. அதை அழிக்க வந்த பெயின்டர் முன்னால் சாம்பல் நிற பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ரோலரை நனைத்து, டப்பா விளிம்பில் வழித்து, மறுபடி நனைக்கிறார். கை மட்டும் சுவருக்குப் போக மாட்டேன் என்கிறது. மூன்றாவது மாடி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால், கழுத்தில் இஞ்சு டேப்போடு தையல்காரப் பெண்களின் முகங்கள். மெஷின்கள் ஓடும் ஓட்டத்தில் கம்பிகள் லேசாக அதிர்கின்றன. மேனேஜர் வருகிறார். சுவரைப் பார்த்தபடியே சந்தின் மறுகோடி வரை பின்னோக்கி நடந்து போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்.

“அழிக்க வேணாம், இருக்கட்டும். நாளைக்கு ஃபயர் ஆபீஸர் வர்றாரு. இங்கேர்ந்து பாத்தா நெஜக் கதவாட்டமே இருக்கு. மேல ‘அவசர வழி’ன்னு செவப்புல எழுதிடு.”

“கிட்ட வந்து பாத்தாருன்னா சார்?”

“அவரு என்னைக்குக் கார விட்டு எறங்கியிருக்காரு?”

பெயின்டர் ஏணியில் ஏறுகிறார். பென்சிலால் கோடு இழுத்து, முதல் எழுத்தைத் தொடங்குகிறார். மேலே ஒருத்தி கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிகிறாள்.

“அண்ணே, எழுத்தக் கொஞ்சம் பெருசாவே போடுங்க. பொகையில எங்களுக்குத் தெரியணும்ல.”