சடையம்மாளின் மடியில் உப்பு

அருங்காட்சியகம் கட்ட இடம் வேண்டுமென்று, உலை கொதிக்கும்போதே சடையம்மாளின் வீட்டை இடிக்கச் சொன்னவர் அந்தக் கட்டட வேலையின் எஞ்சினியர்தான். இடிபாட்டில் மிஞ்சியது ஒரு ஜாடி உப்பு. கலவையில் உப்பு விழுந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஒருநாள் கூரை விழும் என்று கேள்விப்பட்டு, அங்கேயே சித்தாளாகச் சேர்ந்தாள்.

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் அந்த உப்பை மடியில் கட்டி வந்தாள். முடிச்சை அவிழ்க்கும்போது, வெயிலில் தலைசுற்றிய எஞ்சினியர் அருகே வந்து உட்கார்ந்தார்.

“யம்மா, குடிக்கக் கொஞ்சம் கஞ்சி இருக்கா?”

தூக்குவாளியை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்தார்.

“உப்பே போடலியேம்மா.”

அவள் விரல்கள் தாமாக மடிக்குள் போய், ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டன.

“இப்பத்தான் உயிர் வந்துச்சு தாயி.”

“ஏ சடை, சட்டியத் தூக்கு!” என்று மேஸ்திரி கத்தினார்.

மீதி உப்பைப் பொத்தியபடி அவள் எழுந்தாள். அவளுடைய உப்பைத் தின்றவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.