இல்லாத கோடாலி

“கோடாலி இல்ல ஐயா.”

ஸெய்னுலாப்தீன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். கண்டிக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம்; வாடிக்கைக்காரருக்கெல்லாம் அண்ணன் முறையில் ‘நானா’.

“விறகு கொத்தத்தான் நானா. வழக்கமாக் கொத்துற ஆள் ரெண்டு நாளாய் வரேல்லை. மண்ணெண்ணெயும் முடிஞ்சுது,” என்றார் நவரட்ணராஜா.

சொன்னதில் பாதிதான் உண்மை. அது எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜூலை. கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று நேற்றே செய்தி வந்துவிட்டது. கண்டியில் எந்த நேரம் என்ன நடக்குமோ தெரியாது. கோடாலி ஒன்று இருந்தால் விறகுக்கும் ஆகும், கட்டிலுக்குக் கீழேயும் கிடக்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். அரசாங்கக் கந்தோரில் பேனா பிடித்த கையால் யாரை வெட்டப் போகிறார் என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்கு இரும்பு பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம்.

ஸெய்னுலாப்தீன் ஓர் இரும்பு ஆப்பையும் சம்மட்டியையும் எடுத்து வைத்தார்.

“என்ன மரம், ரப்பர் கட்டையா? அப்ப இதுதான் சரி. பழக்கமில்லாத ஆள் கோடாலிய ஓங்கினா வழுக்கிக் கால்ல விழும். ஆப்ப வெடிப்புல வெச்சு, சம்மட்டியால நாலு தட்டு தட்டுங்க. கட்டை தானாப் பொளக்கும்.”

நவரட்ணராஜாவின் கண் மேசைக்குக் கீழே போயிற்று. அங்கே ஒரு சாக்கு. அதன் கிழிசலுக்குள் புத்தம்புதுக் கோடாலிகள் தெரிந்தன.

“அப்ப அது என்ன?”

ஸெய்னுலாப்தீன் காலால் சாக்கை உள்ளே தள்ளினார். முகம் வெளிறிவிட்டது.

“அது விக்கிறதுக்கில்ல. இதக் கொண்டு சுறுக்கா ஊட்டுக்குப் போங்க ஐயா.”

நவரட்ணராஜாவுக்கு நெஞ்சு எரிந்தது. பத்து வருஷ வாடிக்கை. போன மாரிக்குக் கூரைத் தகரம்கூட இந்த மனிதர்தான் தன் வான் வண்டியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார். இப்போது தமிழனுக்குக் கோடாலி விற்க இவருக்கும் மனமில்லை!

குட்ஷெட் பஸ் நிலையத்தில் கியூவில் நின்றபோது, பின்னால் நின்ற இளைஞர்களில் ஒருவன் சம்மட்டியைக் காட்டி, ‘மாத்தயா’ என்று மரியாதையாகவே சிங்களத்தில் கேட்டான்.

“இது எதுக்கு மாத்தயா?”

தமிழன் என்று தெரிந்தால் கதை இங்கேயே முடிந்தது. நல்ல வேளை, கந்தோர்ச் சோதனைக்காகப் படித்த சிங்களம் கைகொடுத்தது. பயம் வந்தால் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். நவரட்ணராஜாவுக்கு வாய் திறந்துவிடும்.

“விறகு பிளக்கத்தான் தம்பி. கோடாலிதான் கேட்டேன். கடைக்காரன் மேசைக்குக் கீழே சாக்கு நிறைய ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறான். இந்த ஆட்களை நம்பவே முடியாது!”

“எந்தக் கடை?”

சொன்னார். எந்தத் திருப்பத்தில், எந்தக் கடைக்குப் பக்கத்தில் என்று விளக்கமாகவே சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அப்பாடா, தப்பிவிட்டோம் என்று இருந்தது.

பஸ் வந்தது. அந்த இளைஞர்கள் ஏறவில்லை.

ஆப்பு நன்றாகவே வேலை செய்தது. அம்பிட்டிய வீட்டின் பின்பக்கம் கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. மனைவி பத்மாதேவி அடுப்பு மூட்டிச் சோறும் ஆக்கிவிட்டாள்.

மூன்று மணிக்கு நகரப் பக்கம் கரும்புகை எழுந்தது.

“இஞ்சாருங்கோ, இஞ்சாலையும் வருவாங்களோ?” பத்மாதேவி இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு கேட்டாள்.

அவர் சம்மட்டியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. யாரோ கதவை இடித்தார்கள். சின்னவள் வீரிட, பத்மாதேவி அவள் வாயைப் பொத்தினாள்.

“ஐயா, நான் ஸெய்னுலாப்தீன். தொறங்க!”

கதவைத் திறந்தால், அவர் தலையில் இரத்தம் ஊறிய துணிக்கட்டு. சட்டை கிழிந்து தொங்கியது.

“ஊட்டப் பூட்டிட்டு எல்லாரும் ஏறுங்க. அலவத்துகொடையில எங்கட ஊட்டுக்குப் போவோம். நிண்டு பேச நேரமில்ல.”

பத்மாதேவியும் பிள்ளைகளும் பின்னால் தகரங்களுக்கு நடுவே குனிந்துகொண்டார்கள். முன்னால் ஏறிய நவரட்ணராஜாவின் தலையில் ஸெய்னுலாப்தீன் ஒரு தொழுகைத் தொப்பியை வைத்துவிட்டார்.

“உங்களுக்கு என்ன நடந்தது நானா?” பத்மாதேவி கேட்டாள்.

“நேத்துப் பின்னேரம் ஒரு கூட்டம் வந்து, கடையில இரிக்கிற கோடாலி எல்லாத்தையும் கேட்டாங்க தங்கச்சி. எதுக்கெண்டு வெளங்கிச்சு. எல்லாம் முடிஞ்செண்டு சொல்லி ஒளிச்சு வெச்சேன். அதுக்குப் பொறகு ஒண்டு வெளியில போனாலும் நான் சொன்னது பொய்யெண்டு தெரிஞ்சிடுமே. அதுதான் ஐயாவுக்கும் குடுக்கல்ல. இண்டைக்கு நேரா வந்து அந்தச் சாக்கத்தான் இழுத்தாங்க. எல்லாம் போச்சு. எந்தெந்த ஊட்டுக் கதவுல விழப்போகுதோ, அல்லாதான் காப்பாத்தணும்.”

“காட்டிக் குடுத்தவன் நாசமாய்ப் போக!” பத்மாதேவி சின்னவளை மடியில் இறுக்கிக்கொண்டு கொதித்தாள். “அவனும் ஒரு மனிசனே? அவன்ர பிள்ளையள் நல்லாயிருக்குமே?”

“நானா... அது...” என்று தொடங்கினார் நவரட்ணராஜா.

ஸெய்னுலாப்தீன் கியரை மாற்றிவிட்டு, பின்னால் கேட்காதபடி அவர் பக்கம் குனிந்தார்.

“பேசாம இரிங்க ஐயா. பஸ் கியூவுல சம்மட்டியோட நிண்ட ஒரு தமிழ் மாத்தயாதான் சொன்னாரெண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாங்க. உங்கட சிங்களத்த வெச்சே உங்கள அவங்க அடையாளம் கண்டுட்டாங்கெண்டு வெளங்கித்தான் மொதல்ல உங்கட ஊட்டுக்கு ஓடி வந்தேன்.”