வளைவுச் சுவர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு பிடிவாதக்காரியின் கதை சொல்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பழைய மாதா கோயிலில், உப்பு அரித்த வளைவுச் சுவரை இடிக்கப் பங்குச்சாமியார் ஆள் கூட்டிவந்தார். லூர்துமேரி குறுக்கே நின்றாள்.

"என்னை இடிச்சிட்டு அப்புறம் இதை இடிங்க சாமி!"

"சுண்ணாம்பு கொட்டுதேம்மா?"

"என் தலையிலதானே கொட்டுது? கொட்டட்டும்!"

அவள் பக்தியில் சாமியாருக்குக் கண் கலங்கியது. ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிறு காலை, லூர்துமேரி வழக்கம்போல அந்தச் சுவரில் காதை ஒட்டி உட்கார்ந்தாள். மறுகோடியில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே கிசுகிசுத்தால் வளைவோடு ஓடிவந்து இங்கே கேட்கும். அன்று அங்கே மண்டியிட்டது மருமகள் ஜான்சி.

"சாமி, என் பாவம் இருக்கட்டும். செவுத்துல காதை வெச்சிக்கினு இருக்காங்களே எங்க மாமியார், அவங்க பாவத்தை மொதல்ல மன்னிச்சிடுங்க."

உங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே சட்டி மீன்குழம்பைச் சிரித்துச் சாப்பிட்டு நூறாண்டு வாழட்டும்.