காலி நாற்காலிக்கு வந்தவர்

காலி நாற்காலியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கூட்டிவந்தவள் சிட்டாள். துணைக்கு வந்த அண்ணனோ யாரோ என்று நினைத்து, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நாற்காலியப் பாத்துப் பேச எனக்கு வரல டீச்சர். அதேன் ஆளையே கூட்டியாந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் டீச்சர் இல்லை. காரைக்குடியில் மனநல ஆலோசகர். வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சொல்லி அனுப்புவதால் சிட்டாளுக்கு நான் டீச்சர். போன வாரம் இதே நாற்காலியைக் காட்டி, யார்மேல் கோபமோ அவர் இதில் இருப்பதாக நினைத்து மனசில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள் என்றேன். நாற்காலியிடம் பேச நான் என்ன கிறுக்கச்சியா என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான்.

யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். மருதுபாண்டி. தைப்பொங்கல் மஞ்சுவிரட்டில் அவருடைய மாடு குத்தித்தான் சிட்டாளின் ஒரே மகன் முத்துக்கண்ணன் செத்துப்போனான்.

மாட்டை அடக்கப் போய் உயிர்விட்ட வீரன் என்று ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைத்தார்கள். காரியம் முடிந்த கையோடு சிட்டாள் மருதுபாண்டியின் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நீ நல்லா இருப்பியா என்று தொண்டை கட்டும்வரை கத்தினாளாம்.

பிறகுதான் அவளுக்குத் தூக்கம் போனது. நெஞ்சுப் படபடப்பு. எங்காவது மாட்டு மணிச் சத்தம் கேட்டால் போதும், ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாள். டாக்டரின் மாத்திரையும் இந்த அறையின் பேச்சுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவந்தாள். தூங்கினாள், சாப்பிட்டாள், ஒருநாள் என் புடவையைக் கேலிகூடச் செய்தாள். மகன் செத்த நாளைத் தொட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள்.

இப்போது அந்த மருதுபாண்டி என் முன்னால் இருந்தார்.

முறுக்கு மீசையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு முரட்டு ஆளை நான் மனசில் வைத்திருந்தேன். வந்திருந்தவருக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு திங்கிறதில்ல. முந்தாநாள் மாட்டுக் கயித்த எடுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போயிட்டாக டீச்சர். ஆளுக பாத்து இழுத்தாந்திருக்காக" என்றாள் சிட்டாள்.

அட கடவுளே. சாகப் போன மனிதரை, அவரைச் சபித்தவள் முன்னாலேயே கொண்டுவந்து உட்கார வைத்தாயிற்று. போட்ட நாற்காலி என்னுடையது. நாலு பேருக்குச் சொன்ன அதே பாடத்தை இவளுக்கும் ஒப்பித்தேனே, இப்படி எடுத்துக்கொள்வாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இவருக்கு ஏதாவது ஆனால் நான்தானே பொறுப்பு?

இன்றைக்குப் பேச்சு வேண்டாம், இவரை முதலில் டாக்டரிடம் காட்டலாம் என்று எழுந்தேன்.

மருதுபாண்டிதான் தடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வையட்டும்மா. நான் கேட்டுக்கிறேன். அதுக்குத்தேன் வந்தேன்."

சிட்டாள் உட்காரவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். சண்டைக்கு நிற்கிற நிலைதான் அது. நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

அவள் வையவில்லை.

"அன்னைக்கு அவன் மாடு பிடிக்கப் போகலண்ணே" என்றாள்.

அவளே மேலே சொன்னாள்.

"கூட்டத்துக்கு மோர் ஊத்துறதா எனக்கொரு வேண்டுதல். பானைய மஞ்சுவிரட்டுப் பொட்டலுக்குத் தூக்கிட்டுப் போடான்னேன். மாட்டேன்னு போர்வையப் போத்திப் படுத்துக்கிட்டான். ஊரே அங்குட்டு நிக்கிது, நீ பொட்டப்பிள்ள மாதிரி வீட்டுக்குள்ள கெடக்கியேடான்னு வஞ்சேன். பானையத் தூக்கித் தலையில வச்சு விட்டதும் நாந்தேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சில் கை வைத்து, இழுத்து, விட்டாள். இந்த நிலையிலும் அதை மறக்கவில்லை என்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊரு வீரன்னுச்சு. நானும் வாய மூடிக்கிட்டேன். உங்க வாசல்ல வந்து மண்ணத் தூத்துனேன். அது எந்தலையில போட்டுக்க வேண்டிய மண்ணுண்ணே."

மருதுபாண்டி முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

சிட்டாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பேசியது அவரிடமா, என்னிடமா, மகனிடமா என்று எனக்கு விளங்கவில்லை.

"அவனுக்குச் சின்னப் பிள்ளையிலருந்தே மாடுன்னாப் பயம்."