ரசீது இல்லாத பறிமுதல்

"ரசீதைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போய்யா!"

ஜூஸ் கடை அக்கா கல்லாவை விட்டு இறங்கி வந்து, சுகாதார ஆய்வாளரின் பைக்கை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் கடை ஸ்ட்ரா பாக்கெட் அவர் கையில் இருந்தது.

"பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. தெரியுமில்ல? வழி விடும்மா."

"தடைன்னா அபராதம் போடு, ரசீதைக் கிழி. ஏன் திருட்டுப் பூனை மாதிரி பைக்குள்ள திணிக்கிற?"

"சத்தம் போட்டா கடைக்கு சீல் வச்சிடுவேன்."

"வையேன் பாப்போம்! வெயில்ல தள்ளுவண்டி தள்ளி, நாலு பேர்கிட்ட மல்லுக்கட்டி இந்தக் கடையைப் பிடிச்சவ நான். உன் உருட்டலை வேற எங்கயாவது வச்சுக்கோ!"

அவர் பைக்கை ஒடித்துத் திருப்பி, கிளம்பிப் போய்விட்டார்.

எதிர்க்கடை பேக்கரிக்காரர் வேடிக்கை பார்த்தது போதும் என்று இறங்கி வந்தார்.

"உறிஞ்சி உன்கிட்டயும் கை வச்சுட்டானா?"

ஆய்வாளருக்குத் தெரு வைத்த பெயர் அது. எந்தக் கடைக்கும் அவர் ரசீது கொடுத்ததில்லை. அதைவிட வேடிக்கை, நேர் ஸ்ட்ரா கிடைத்தால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே நொறுக்கிக் குப்பை வண்டியில் போடுவார். கழுத்து மடங்குகிற ஸ்ட்ரா என்றால் மட்டும், தூசி தட்டி, பத்திரமாகத் தன் பையில் வைத்துக்கொள்வார்.

"மடங்குறதுக்குத்தான் வெளியில கிராக்கி. நம்மகிட்ட புடுங்கி அங்க விக்கிறான்" என்றார் பேக்கரிக்காரர்.

அக்காவுக்கு உச்சந்தலை சூடானது.

"இன்னிக்கு அவனைக் கையும் களவுமாப் பிடிச்சு வீடியோ எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு அவன் வேலை போகணும், இல்ல நான் கடையை இழுத்து மூடணும்!"

"வேணாம்டி, வம்பு..." என்று உள்ளேயிருந்து கணவர் இழுத்தார்.

"நீ மிக்ஸியைப் பாரு!"

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போய், தெருமுனை சிக்னலில் நின்ற ஆய்வாளரின் பைக்கைப் பிடித்து, கொஞ்சம் தள்ளியே பின்தொடர்ந்தது.

ஆய்வாளர் கடைவீதிப் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சந்து, சந்து முடிகிற இடத்தில் இரும்புக் கேட்டு. பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார். 'பக்கவாத நோயாளிகள் பராமரிப்பு இல்லம்' என்று பலகை சொன்னது.

'அடப்பாவி, நோயாளிங்ககிட்டயா விக்கிற!'

போனில் வீடியோவை ஓடவிட்டு, அக்காவும் உள்ளே புகுந்தாள்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில்கள். முதல் கட்டிலில் ஒரு இளம்பெண். கழுத்துக்குக் கீழே அசைவே இல்லை. நர்ஸ் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவைப் போட்டு, மடக்கி, அவள் உதட்டில் வைத்தாள். அந்தப் பெண் உறிஞ்சினாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி உறிஞ்சினாள். ஆய்வாளர் மூலையில் நின்று, பறித்துவந்த பாக்கெட்டை ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பியவர் போனைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அக்காவின் கோபத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. நர்ஸ் மேல் பாய்ந்தது.

"ஏன், பேப்பர் ஸ்ட்ரா குடுத்தா ஆகாதா?"

"குடுத்துப் பாத்தோம்மா. இவங்க தாடை இவங்க சொன்ன பேச்சைக் கேக்காது, கடிச்சிடுவாங்க. பேப்பர் வாயிலயே கூழாகிப் புரையேறிடுது. ஸ்டீலைக் கடிச்சு ஒரு பெரியவருக்குப் பல்லே போச்சு. மருந்துக்கடையில கேட்டா தடைன்னு கையை விரிக்கிறாங்க."

அக்கா ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"மேல இருக்கிறவங்ககிட்டக் கேக்க உனக்கு வாய் இல்லையா?"

"கேட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க." அவர் டப்பாவை மூடினார். "தடை தப்புன்னு நான் சொல்லலம்மா. சாக்கடை அடைச்சா முதல்ல போய் நிக்கிறவன் நான். ஆனா அதை எழுதினவங்க எல்லாம், டம்ளரைத் தானே தூக்கிக் குடிக்க முடியிறவங்க."

"அப்ப ரசீது?"

"ரசீது போட்டா சரக்கு அழிக்கிற இடத்துக்குப் போயிடும். உன் மேலயும் கேஸ் விழும்." கொஞ்சம் தயங்கினார். "வீடியோவை என்ன பண்ணப் போற?"

அக்கா போனை அணைத்துவிட்டு வெளியே நடந்தாள். வாசலில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம்தான் அவருக்குக் கேட்டது.

தெருவே காத்திருந்தது.

"எங்க வீடியோ? காட்டு" என்றார் பேக்கரிக்காரர்.

"எடுக்கலை."

"எடுக்கலையா? கிளம்பும்போது என்னமோ குதிச்ச! பங்கு தர்றேன்னு சொல்லிட்டானா?"

"ஆமா, சொன்னான். நீ போய் உன் பன் கருகுதான்னு பாரு!"

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். தலையைத் தூக்கவே இல்லை. இன்றைக்கு ரத்தக்களரிதான் என்று கடைக்காரர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கல்லாவில் கிடந்த ஒற்றை பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அக்கா மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"நில்லுய்யா! ஒழுங்கா ஒரு சோதனை போடத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆபீஸர்! கீழே பெட்டி நிறைய மடங்குறதா வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேனே, அதை உங்கப்பனா வந்து தூக்குவான்?"